புதிய கம்ப்யூட்டரில் பழைய ஆடியோ பெட்டி: டிரைவர் தகராறும் தீர்வும்

புதிய கம்ப்யூட்டர் வாங்கி வீட்டிற்குக் கொண்டு வந்தவுடன், பழைய கம்ப்யூட்டரில் இணைத்திருந்த சாதனங்களை ஒவ்வொன்றாக எடுத்து இதில் மாட்டிப் பார்ப்போம். மவுஸ் வேலை செய்யும். பென் டிரைவ் வேலை செய்யும். பிரிண்டரும் சிறிது முரண்டு பிடித்துவிட்டு வேலை செய்யும். ஆனால் மைக், வீணை, கீபோர்டு போன்றவற்றை இணைத்து ஒலிப்பதிவு செய்யப் பயன்படும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி மட்டும் பலருக்கு வேலை செய்வதில்லை. விளக்கு எரியும்; சத்தம் வராது. பெட்டி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, சில ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதிதாக ஒன்று வாங்கிவிடுவார்கள்.

நானும் கிட்டத்தட்ட அந்த முடிவிற்குப் போனவன்தான்.

என் சித்தப்பா மிருதங்கம் வாசித்தவர். அவர் வாசித்த கச்சேரிகள் 41 கேசட்களில் எங்கள் வீட்டில் இருக்கின்றன. 2008இல் இரண்டு இன்புட் கொண்ட ஒரு யு.எஸ்.பி. ஆடியோ பெட்டி வாங்கி, விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரில் இணைத்து, 23 கேசட்களை ஃபைலாக மாற்றினேன். பிறகு வேலைப் பளுவில் அது நின்றுபோனது. அந்தக் கம்ப்யூட்டரின் மதர்போர்டும் ஒருநாள் உயிரை விட்டது. விண்டோஸ் 11 உள்ள புதிய லேப்டாப் வந்ததும், மீதமுள்ள 18 கேசட்களையும் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேசட் டேப்புகளுக்கு வயதாகிக் கொண்டே போகிறது. இரண்டு கேசட்களில் ஏற்கெனவே ஒலி மங்கத் தொடங்கிவிட்டது.

பெட்டியுடன் வந்த சி.டி.யைத் தேடி எடுத்தேன். புதிய லேப்டாப்பில் சி.டி. டிரைவ் கிடையாது. நண்பரின் கம்ப்யூட்டரில் சி.டி.யில் இருந்ததை பென் டிரைவிற்கு மாற்றி வந்து செட்டப் ஃபைலை இயக்கினால், இந்த விண்டோஸிற்கு இது பொருந்தாது என்று சொல்லிவிட்டது. நிறுவனத்தின் இணைய தளத்தில் கடைசியாக இருந்தது விண்டோஸ் 7க்கான 64 பிட் டிரைவர். அதை டவுன்லோட் செய்து நிறுவினேன். நிறுவல் ஒழுங்காக முடிந்தது. பெட்டியை இணைத்ததும், டிரைவரை இந்தச் சாதனத்தில் ஏற்ற முடியவில்லை என்று ஒரு பெட்டிச் செய்தி வந்தது. டிவைஸ் மேனேஜரில் பெட்டியின் பெயருக்கு அருகே மஞ்சள் முக்கோணம். அதில் டபுள் கிளிக் செய்தால் கோட் 39.

இங்கு என்ன நடந்தது என்று புரிந்துகொண்டால், உங்கள் பெட்டிக்கு உயிர் இருக்கிறதா இல்லையா என்று நீங்களே சொல்லிவிட முடியும்.

டிரைவர் என்பது என்ன?

ஆடியோ பெட்டி தன் மொழியில் பேசும். விண்டோஸ் தன் மொழியில் பேசும். இரண்டிற்கும் நடுவே நின்று மொழிபெயர்க்கும் புரோகிராம்தான் டிரைவர். வேர்ட், பெயின்ட் போன்ற சாதாரண புரோகிராம்களுக்கும் டிரைவருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சாதாரண புரோகிராம் வாசல் திண்ணையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறது என்றால், டிரைவர் வீட்டிற்குள் சமையலறை வரை வந்து வேலை பார்க்கிறது. கெர்னல் எனப்படும் இயக்கத்தின் மையப் பகுதியில் அதற்கு இடம். வேர்ட் தடுக்கி விழுந்தால் வேர்ட் மட்டும் மூடப்படும். கெர்னலில் உள்ள டிரைவர் தடுக்கி விழுந்தால் மொத்த கம்ப்யூட்டரும் பிழைத் திரை காட்டி நின்றுவிடும். வைரஸ் எழுதுபவர்களும் இந்த வழியாக உள்ளே நுழையப் பார்ப்பார்கள்.

இதனால்தான் ஒவ்வொரு விண்டோஸ் பதிப்பும் டிரைவர்களுக்கான கதவைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கியது. 2007இல் வெளியான விஸ்டா, ஒலியைக் கையாளும் பகுதியை முழுவதுமாக மாற்றி எழுதியது. அதன் 64 பிட் பதிப்பில் டிஜிட்டல் கையெழுத்து இல்லாத கெர்னல் டிரைவருக்கு அனுமதி இல்லை. 2016இல் வந்த விண்டோஸ் 10இன் 1607 பதிப்பிலிருந்து, புதிய கெர்னல் டிரைவர்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனமே கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்றானது. 2021 அக்டோபர் 5 அன்று வெளியான விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது.

இந்த 32 பிட் விஷயத்தில் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. "என் பழைய 32 பிட் புரோகிராம் எல்லாம் புதிய கம்ப்யூட்டரில் ஓடுகிறதே, டிரைவர் மட்டும் ஏன் ஓடவில்லை?" என்று கேட்கிறார்கள். 64 பிட் விண்டோஸில், 32 பிட் புரோகிராம்களை ஓட்டுவதற்கு ஒரு தனி ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அந்த ஏற்பாடு திண்ணையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். கெர்னலுக்குள் 32 பிட் டிரைவர் நுழையவே முடியாது. ஆகவே உங்களிடம் இருப்பது எக்ஸ்பி காலத்து 32 பிட் டிரைவர் என்றால், கம்பேட்டிபிலிட்டி மோட், அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்குவது போன்றவற்றில் நேரத்தை வீணாக்காதீர்கள்.

என் இரண்டாவது டிரைவர் 64 பிட்தான். அதைத் தடுத்தது மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதி. புதிய லேப்டாப்களில் பெரும்பாலும் இது இயக்கப்பட்ட நிலையிலேயே வருகிறது. விண்டோஸ் செக்யூரிட்டி சென்று, டிவைஸ் செக்யூரிட்டி, அதில் கோர் ஐசோலேஷன் என்று போனால் இதனைக் காணலாம். கெர்னலில் ஏறும் டிரைவர்களைச் சோதித்து, தன் விதிகளுக்குப் பொருந்தாதவற்றை இது ஏற்ற விடாது. பழைய டிரைவர்களை எழுதிய காலத்தில் இந்த விதிகளே இல்லை. பெட்டி செய்த நிறுவனத்தை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பல வருடங்களுக்கு முன் விற்ற பொருளுக்கு இன்றும் ஆள் வைத்து டிரைவர் எழுதுங்கள் என்றால் எத்தனை பேர் எழுதுவார்கள்? ஆனால் "இனி டிரைவர் வராது" என்று ஒரு வரி தளத்தில் போட்டிருக்கலாம். எனக்கு ஒரு சாயங்காலம் மிச்சமாகியிருக்கும்.

பொது மொழி பேசும் பெட்டிகள்

இனிதான் நல்ல செய்தி. மவுஸ் வாங்கினால் நாம் டிரைவர் தேடுவதில்லை. காரணம், யு.எஸ்.பி. மவுஸ்கள் ஒரு பொது மொழியைப் பேசுகின்றன. விண்டோஸிற்கும் அந்த மொழி தெரியும். ஆடியோ பெட்டிகளுக்கும் அப்படி ஒரு பொது மொழி உண்டு. அதன் பெயர் யு.எஸ்.பி. ஆடியோ கிளாஸ். இந்த மொழியில் பேசும் பெட்டியை கிளாஸ் கம்ப்ளையன்ட் என்று சொல்வார்கள். இதன் முதல் பதிப்பு 1998இல் வந்தது. விண்டோஸில் இதற்கான பொது டிரைவர் 98 செகண்ட் எடிஷன் காலத்திலிருந்தே உள்ளே இருக்கிறது. விண்டோஸ் 11லும் இருக்கிறது.

இரண்டாம் பதிப்பு 2006இல் வந்தது. அதிக சேனல்கள், அதிக சாம்பிள் ரேட் வேண்டும் என்றால் இதுதான். ஆப்பிள் மேக் கம்ப்யூட்டர்கள் இதனை 2010லேயே ஏற்றுக்கொண்டன. விண்டோஸோ 2017இல் வந்த விண்டோஸ் 10இன் 1703 பதிப்பில்தான் இதற்கான டிரைவரைச் சேர்த்தது. இடைப்பட்ட வருடங்களில் விற்ற பெட்டிகளில், "மேக்கிற்கு டிரைவர் தேவையில்லை, விண்டோஸிற்குத் தேவை" என்று அட்டையில் அச்சிட்டிருப்பார்கள். அந்த வரி உங்கள் பெட்டியின் அட்டையில் இருந்தால் சந்தோஷப்படுங்கள். அது பொது மொழி தெரிந்த பெட்டி. அன்றைய விண்டோஸிற்குத்தான் தெரியாமல் இருந்தது. இன்றைய விண்டோஸிற்குத் தெரியும்.

அட்டை, கையேடு எதுவும் இல்லையா? வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஆண்ட்ராய்டு போனில் ஓ.டி.ஜி. கேபிள் மூலம் பெட்டியை இணைத்துப் பாருங்கள். போனில் ஒரு பாட்டை ஓடவிட்டு, பெட்டியின் ஹெட்போன் துளையில் ஹெட்போனை மாட்டுங்கள். பாட்டு கேட்டால் பெட்டி பொது மொழி பேசுகிறது என்று பொருள். அதன் நிறுவனம் எழுதிய டிரைவர் எதுவும் உங்கள் போனில் இல்லையே! கேட்காவிட்டால் உடனே கைவிட்டுவிடாதீர்கள். பெட்டிக்கு வேண்டிய மின்சாரத்தைப் போனால் தர முடியாமல் இருக்கலாம். தனி அடாப்டர் உள்ள யு.எஸ்.பி. ஹப் ஒன்றை நடுவில் வைத்து மீண்டும் பாருங்கள். சில போன்களில் ஓ.டி.ஜி. வசதியை செட்டிங்ஸில் இயக்கவும் வேண்டியிருக்கும்.

என் பெட்டியை இப்படிச் சோதித்தேன். பாடியது!

அப்படியானால் லேப்டாப்பில் ஏன் பாடவில்லை? தப்பு என் மேல்தான். எக்ஸ்பி காலத்துப் பழக்கத்தில், முதலில் டிரைவரை நிறுவிவிட்டுப் பிறகு பெட்டியை இணைத்தேன். நிறுவனத்தின் டிரைவர் ஒன்று கையில் இருப்பதைப் பார்த்த விண்டோஸ், தன் பொது டிரைவரை ஒதுக்கிவிட்டு அதை ஏற்றப் பார்த்தது. அதை மெமரி இன்டெக்ரிட்டி தடுத்தது. இரண்டு பேரும் சேர்ந்து பெட்டியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டார்கள்.

சரி செய்யும் முறை இதுதான். பெட்டியை இணைத்த நிலையில், ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறக்கவும். சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கன்ட்ரோலர்ஸ் என்ற பிரிவில் மஞ்சள் முக்கோணத்துடன் உள்ள பெட்டியின் பெயரில் ரைட் கிளிக் செய்து அன்இன்ஸ்டால் டிவைஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். அடுத்து வரும் சிறு விண்டோவில், இந்தச் சாதனத்தின் டிரைவரையும் நீக்கவா என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் அடிக்க மறந்துவிடாதீர்கள். அதில்தான் விஷயமே இருக்கிறது. டிக் செய்யாவிட்டால் அடுத்த முறை இணைக்கும்போது அதே பழைய டிரைவர் திரும்ப வந்து உட்காரும். செட்டிங்ஸில் ஆப்ஸ் பிரிவிற்குச் சென்று, நிறுவனத்தின் புரோகிராம் அங்கு இருந்தால் அதனையும் நீக்கிவிடுங்கள். கேபிளைக் கழற்றி, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, மீண்டும் இணையுங்கள்.

அப்படியும் பழையதே வந்தால் இன்னொரு வழி. பெயரில் ரைட் கிளிக் செய்து அப்டேட் டிரைவர். அதில் பிரவுஸ் மை கம்ப்யூட்டர் என்பதையும், அதற்கு அடுத்து பட்டியலிலிருந்து நானே தேர்ந்தெடுக்கிறேன் என்ற பொருளில் உள்ள லெட் மி பிக் என்ற வரியையும் கிளிக் செய்யுங்கள். வரும் பட்டியலில் நிறுவனத்தின் பெயருடன் யு.எஸ்.பி. ஆடியோ டிவைஸ் என்று ஒன்றும் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அதுதான் மைக்ரோசாஃப்டின் பொது டிரைவர்.

எனக்கு முதல் வழியிலேயே முக்கோணம் மறைந்தது.

ஒலிப்பதிவு புரோகிராமைத் திறந்து கேசட்டை ஓடவிட்டேன். திரையில் நேர்கோடுதான் வந்தது. ஒரு துளி ஒலி இல்லை. கேபிளை மாற்றினேன். டேப்ரெக்கார்டரின் பட்டன்களைத் திருகினேன். அரை மணி நேரம் கழித்துத்தான் காரணம் கிடைத்தது. செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பிரிவில் மைக்ரோஃபோன் என்று ஒன்று உள்ளது. புரோகிராம்கள் நமக்குத் தெரியாமல் மைக்கைத் திறந்து கேட்காமல் இருக்க இந்த ஏற்பாடு. ஆடியோ பெட்டியின் இன்புட்டையும் விண்டோஸ் ஒரு மைக்காகவே பார்க்கிறது. லேப்டாப் வாங்கிய அன்று ஜாக்கிரதையாக இருப்பதாக நினைத்து, இதை நானே ஆஃப் செய்து வைத்திருக்கிறேன். அங்கு மூன்று இடங்களைச் சரிபார்க்கவும்: மேலே உள்ள பொது சுவிட்ச், ஆப்ஸ்களுக்கான சுவிட்ச், கீழே டெஸ்க்டாப் ஆப்ஸ் என்பதற்கான சுவிட்ச். மூன்றும் ஆன் ஆக இருக்க வேண்டும். இந்தத் தடை இருக்கும்போது எந்தப் பிழைச் செய்தியும் வராது. மௌனம் மட்டும்தான் வரும். அதனால்தான் பலர் டிரைவரைச் சந்தேகிக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பெட்டியை இணைத்தவுடன் லேப்டாப்பின் ஸ்பீக்கரில் சத்தம் நின்றுபோகலாம். பயப்பட வேண்டாம். ஒலி வெளியேறும் வழியாக விண்டோஸ் இப்போது பெட்டியைத் தேர்ந்தெடுத்துவிட்டது. டாஸ்க்பாரில் உள்ள ஸ்பீக்கர் படத்தில் கிளிக் செய்து திரும்ப ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

ஆசியோ வேண்டுமா?

பொது டிரைவரில் குறையே இல்லையா என்றால், உண்டு. உங்கள் வேலை என்ன என்பதைப் பொறுத்தது அது.

கேசட்டை ஃபைலாக மாற்றுவதற்குப் பொது டிரைவர் தாராளமாகப் போதும். சி.டி. தரத்தில் ஸ்டீரியோவாகப் பதிந்தால் ஒரு மணி நேரத்திற்குச் சுமார் 635 எம்.பி. ஆகும். வினாடிக்கு 1.4 மெகாபிட் அளவிற்குத்தான் தகவல் போகிறது. பழைய யு.எஸ்.பி. 1.1இன் வேகமே 12 மெகாபிட். ஒலி கம்ப்யூட்டருக்குள் கால் வினாடி தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும் கேசட்டிற்கு ஒன்றும் ஆகிவிடாது.

பாடுபவர்களுக்கு அப்படி இல்லை. ஹெட்போனில் தன் குரலைக் கேட்டுக்கொண்டே பாடும்போது, குரல் பெட்டி வழியாகக் கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பி வருகிறது. இந்தத் தாமதம் அதிகமானால் தாளம் தப்பும். இதைக் குறைப்பதற்காக ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம் 1990களில் உருவாக்கியதுதான் ஆசியோ என்ற முறை. 44,100 ஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் வைத்தால் ஒரு பஃபருக்குச் சுமார் 2.9 மில்லி செகண்ட். 512 வைத்தால் 11.6. போகும்போதும் வரும்போதும் பஃபர் உண்டு என்பதால் மொத்தத் தாமதம் இதைவிடக் கூடும். நல்ல ஆசியோ டிரைவரைப் பெட்டியின் நிறுவனம்தான் தர முடியும். அது இல்லாதவர்களுக்கு ஆசியோ4ஆல் என்ற இலவச புரோகிராம் இருக்கிறது. ஆனால் பெட்டி வேலை செய்யவில்லை என்று யாராவது சொன்னாலே "ஆசியோ4ஆல் போடு" என்று சொல்வது ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. அது உங்கள் பெட்டிக்கான டிரைவர் அல்ல. விண்டோஸில் ஏற்கெனவே வேலை செய்யும் டிரைவரின் தோளில் ஏறி உட்கார்ந்துகொள்வது மட்டும்தான் அதன் வேலை. தோளே இல்லை என்றால் அது எங்கே உட்காரும்?

பெட்டியில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அதனை இயக்கினால் குரல் கம்ப்யூட்டருக்குப் போய்த் திரும்பாமல், பெட்டியிலிருந்தே நேராக ஹெட்போனுக்கு வரும். எந்த டிரைவராக இருந்தாலும் தாமதத் தொல்லை இல்லை. எதிரொலி போன்ற விசேஷ ஒலிகளைப் பாடும்போதே கேட்க முடியாது, அவ்வளவுதான்.

உங்கள் பெட்டி பொது மொழி பேசாத ரகம் என்றால் நிலைமை கடினம். மெமரி இன்டெக்ரிட்டியை ஆஃப் செய்துவிட்டால் சில பழைய 64 பிட் டிரைவர்கள் ஏறிவிடும், உண்மைதான். பேங்க் வேலை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் நடக்கும் ஒரே கம்ப்யூட்டரில் நான் அதைச் செய்ய மாட்டேன். இணையத்தில் இணைக்காமல், ஒலிப்பதிவிற்கு மட்டும் ஒரு பழைய கம்ப்யூட்டரை அதன் பழைய விண்டோஸுடனேயே வைத்துக்கொள்வது இதைவிட மேல். டிரைவர் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் முன்பின் தெரியாத தளங்கள், எல்லா டிரைவரையும் அப்டேட் செய்வதாகச் சொல்லும் புரோகிராம்கள் பக்கம் போகவே வேண்டாம். நிறுவனத்திடமே இல்லாத டிரைவர் இவர்களிடம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

பழைய ஃபயர்வயர் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு மேக்கிலும் வழி அடைபட்டுவிட்டது. 2025 செப்டம்பரில் வந்த மேக் ஓ.எஸ். டஹோவில் ஃபயர்வயருக்கான ஆதரவை ஆப்பிள் எடுத்துவிட்டது.

இன்னும் கம்ப்யூட்டர் வாங்காதவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டதால், பலர் புது லேப்டாப்பிற்கு மாறினார்கள். கடைகளில் இன்டெல், ஏ.எம்.டி. பிராசசர்களுடன் ஸ்னாப்டிராகன் போன்ற ஆர்ம் ரக பிராசசர் உள்ள லேப்டாப்களும் இருக்கின்றன. பேட்டரி நீண்ட நேரம் நிற்கும், நல்ல மெஷின்தான். இன்டெல்லிற்காக எழுதிய புரோகிராம்களையும் மொழிமாற்றி ஓட்டிவிடும். ஆனால் முன்பு சொன்ன திண்ணைக் கதைதான் இங்கும். இன்டெல்லிற்காக எழுதிய டிரைவர் ஆர்ம் விண்டோஸின் கெர்னலுக்குள் ஓடாது. அதற்கென்று தனியாக எழுதிய டிரைவர் வேண்டும். போன வருடம் வாங்கிய விலை உயர்ந்த பெட்டிக்கும் இது பொருந்தும். பொது மொழி பேசும் பெட்டி என்றால் அடிப்படை வேலைகளுக்குத் தடை இல்லை. உங்களிடம் இருப்பது எந்த ரகம் என்று தெரியவில்லை என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று சென்று சிஸ்டம் டைப் என்ற வரியைப் பாருங்கள். ஆர்ம் என்றோ எக்ஸ்64 என்றோ எழுதியிருக்கும்.

கடைக்குப் போகும்போது பெட்டியையும் அதன் கேபிளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். டிஸ்பிளேயில் வைத்திருக்கும் லேப்டாப்பில் ஒரு நிமிடம் மாட்டிப் பார்க்கிறேன் என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். எந்த டிரைவரையும் நிறுவாமல் மாட்டுங்கள். லேப்டாப்பில் சி டைப் துளை மட்டும் இருந்தால் அதற்கான அடாப்டரையும் கேட்டு வாங்கி அதன் வழியாகவே சோதியுங்கள். வீட்டில் அப்படித்தானே மாட்டப் போகிறீர்கள். நானும் இப்படிச் செய்திருந்தால், மூன்று நாள் தடவிக்கொண்டிருந்த நேரத்தில் இன்னும் நான்கைந்து கேசட்களை முடித்திருப்பேன். இப்போது 29வது கேசட்டின் இரண்டாவது பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. தனி ஆவர்த்தனம் இந்தப் பக்கத்தில்தான்.